பொன்னுக்கு வீங்கியவன்

மகளுக்குத்தான் முதலில் வந்தது.
ஒரு வாரம் கன்னம் உப்பிக் கிடந்தாள்,
மறுவாரம் தங்கச்சிமடத்து மணலில் நண்டு துரத்தினாள்.
பதினெட்டாம் நாள் எனக்கு.
முப்பத்தொன்பது வயதில்
கண்ணாடிக்குள் இருந்து பார்க்கிறது
காது மடலைத் தள்ளிக்கொண்டு
ஒரு பேத்தை மீன்.

"பொன்னுக்கு வீங்குது,
சங்கிலி போட்டா வடிஞ்சிரும்" என்றாள்
எதிர்வீட்டுப் பிரகாசி.
எங்கள் சங்கிலி
இரண்டு வருஷமாகக் கூட்டுறவு வங்கியில்,
வல்லத்து எஞ்சினுக்காகப் படுத்திருக்கிறது.
செலின் உள்ளே போனாள்.
அடகுச் சீட்டை நாலாய் மடித்து
தங்கூசியில் கோத்து
என் கழுத்தில் கட்டினாள்.
"அஞ்சே கால் பவுன். இனி வீங்கட்டும் பார்ப்போம்."
சிரித்தேன்.
சிரித்த இடமெல்லாம் வலித்தது.

புளி என்ற சொல்லைக் கேட்டாலே
தாடைக்குள் ஒருவன் தூண்டிலைச் சுண்டுகிறான்.
சங்கரா மீன் குழம்பு பக்கத்து வீட்டில் கொதிக்க
எனக்குக் கஞ்சி,
உப்புப் போட்டு அவித்த நகரையில் இரண்டு விள்ளல்,
காய்ச்சலுக்கு பாராசிட்டமால்,
கன்னத்துக்கு ஈரத்துணி.
டம்ளர் தனி. தட்டு தனி.
மகள் வாசலோடு நின்று
"அப்பா, மூஞ்சிய காட்டு" என்பாள்,
காட்டுவேன், ஓடிவிடுவாள்.

ஐந்தாம் நாள் கன்னம் வடியத் தொடங்கியது.
அன்று இரவு
குளிர்க் காய்ச்சல் திரும்பி வந்து
வலி கீழே இறங்கியது.

இருட்டில் ஈயக்குண்டு இறக்கி
எத்தனை பாகம் ஆழம், சேறா பாரா என்று
சொல்லிவிடுகிறவன் நான்.
டாக்டர் ஹமீதாவுக்கு முன்னால் உட்கார்ந்து
எங்கே வலிக்கிறது என்று சொல்ல
கால் மணி நேரம் ஆயிற்று.
"கீழே" என்றேன்.
"எந்தப் பக்கம்?"
"வலது."
வானிலை கேட்டதுபோல் எழுதிக்கொண்டார்.
"பெரிய ஆட்களுக்கு இப்படி இறங்கும்.
இறுக்கமான உள்ளாடை போடுங்க, தாங்கிப் பிடிக்கும்.
துணியில் சுற்றி ஐஸ் வையுங்க. படுத்தே இருங்க.
இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் கேட்காது.
தலை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி,
கழுத்தைக் குனிய முடியவில்லை,
காது மந்தம்,
இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காதீங்க."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.
அவரே சொன்னார்:
"ஒரு பக்கம்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.
சந்தேகம் இருந்தால் சில மாதம் கழித்துப் பரிசோதிக்கலாம்."
வெளியே செலினிடம்
"காய்ச்சல்தானாம்" என்றேன்.
அவள் என் நடையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்
ஐஸ் கம்பெனி முன்னால் நின்று
மீனுக்கு வாங்குவதுபோல்
ஒரு கூடை நொறுக்கு ஐஸ் வாங்கினாள்.

படுத்தபடி கணக்குப் போட்டேன்.
ஐந்து பேர். ஒரு வல்லம்.
ஒரே தண்ணிக் கேன்,
எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கிற கேன்.
வீங்குவதற்கு முந்தைய நாள்கூட
நான் குடித்துவிட்டு இன்னாசிக்கு நீட்டினேன்,
இன்னாசி மச்சான் சவேரிக்கு.
சவேரி பெண்டாட்டிக்கு மூன்றாம் மாதம்.

ஒவ்வொருத்தனாய் போன் போட்டேன்.
சின்ன வயதில் ஊசி போட்டதா என்றால்
யாருக்குத் தெரியும்?
அம்மாக்கள் இருந்தால் கேட்கலாம்.
"எங்க வீங்கிச்சு?" என்றான் லூர்து.
சொன்னேன்.
முழுக்கச் சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை,
லூர்து மட்டும் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

கடைசியாக சவேரி.
கடலில் இருந்தான்.
நாலு தடவை, எல்லை தாண்டிய கோபுரம் எதுவோ
புரியாத மொழியில் பேசியது.
ஐந்தாவது தடவை கச்சான் இரைச்சலுக்குள்
அவன் குரல்:
"அண்ணே, ஏழு பாகத்துல நிக்கிறோம். வலை இறக்கியாச்சு.
காலையிலேர்ந்து
காதுக்குக் கீழே லேசா இழுக்குது."

"கேன்ல வாய் வைக்காத" என்றேன்.
"வலையை ஏத்து."
"டீசல் காசு?" என்றான்.
கழுத்துச் சீட்டு வியர்வையில்
நெஞ்சோடு ஒட்டியிருந்தது.
"ஏத்துடா" என்றேன்.